நகர மன்றக் கூட்டத்தை நாம் போய் உட்கார்ந்து பார்க்க முடியுமா?

ஈசூனில் குடியிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "ஊரில் அப்பா கிராம சபைக் கூட்டத்துக்குத் தவறாமல் போவார். நான் சிங்கப்பூர் வந்து பதினான்கு வருஷம் ஆகிறது, குடியுரிமையும் வாங்கிவிட்டேன். இங்கே அது மாதிரி கூட்டம் எங்கே நடக்கிறது? என்னைப் போன்ற ஒரு ஆள் போய் உட்கார்ந்து பார்க்கலாமா? பார்த்தால் பயன் உண்டா? என் ஆங்கிலம் சுமார்தான்." பார்க்க நான்கு கேள்விகள் மாதிரி இருந்தாலும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது. என் வீட்டு வாசலைப் பற்றிய முடிவுகளை யார், எந்த அறையில் எடுக்கிறார்கள், அதைக் கண்ணால் பார்க்க எனக்கு வழி இருக்கிறதா? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் குடியிருப்புப் பேட்டைகளின் பராமரிப்பு அலுவலகங்களில் வேலை பார்த்தேன். ஆரம்பத்தில் புகார்களைப் பதிவு செய்யும் எழுத்தர். பிறகு புளோக் புளோக்காகச் சுற்றிப் பார்க்கும் வேலை. கடைசி சில வருஷங்கள் கூட்டக் குறிப்பு எழுதும் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதே கூட்டங்களை மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்து, ஒரு குடிமகனாகப் பார்த்து வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. சட்டத்தைப் பற்றி நான் சொல்வது வேலையில் கையாண்ட அளவுக்குத்தான். ஆனால் கூட்டம் என்று ஒன்று எப்படி நடக்கிறது, எங்கே முடிவு எடுக்கப்படுகிறது, எங்கே முடிவு எடுத்ததாகப் பதிவு மட்டும் செய்யப்படுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊரில் இருப்பது போன்ற மாநகராட்சி மாமன்றம் சிங்கப்பூரில் இப்போது இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. 1951 செப்டம்பரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் சாசனத்தால் சிங்கப்பூர் 'மாநகரம்' என்ற தகுதி பெற்றது. 1957 டிசம்பரில் மாநகர மன்றத்தின் 32 இடங்களுக்கும் தேர்தல் நடந்தது. அதற்கு முன் நியமன உறுப்பினர்களும் இருந்தார்கள். அந்த முறைதான் எல்லாரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மக்கள் செயல் கட்சி 13 இடங்களில் வென்றது, அக்கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். காலனி ஆட்சியின் சின்னம் என்று சொல்லி மன்றத்தின் செங்கோலை அவர் அகற்றச் சொன்னது அந்தக் காலத்தில் பெரிய செய்தி. ஆனால் அந்த மன்றம் இரண்டு வருஷம்கூட நிலைக்கவில்லை. 1959-ல் சுயாட்சி வந்ததும் அதன் வேலைகளை அமைச்சுகள் எடுத்துக்கொண்டன. தண்ணீர், மின்சாரம், எரிவாயு மூன்றும் 1963-ல் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்குப் போயின. அந்த மன்றம் கூடிய கட்டடம்தான் இன்று தேசியக் கலைக்கூடத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. சிட்டி ஹால் என்று எம்ஆர்டி நிலையத்துக்குப் பெயர் இருக்கிறதே, அது அந்தக் கட்டடத்தின் பெயர்தான்.

'மேயர்' என்ற சொல்லைக் கேட்டுக் குழம்பிவிடாதீர்கள். இப்போதும் ஐந்து மேயர்கள் இருக்கிறார்கள். சமூக மேம்பாட்டு மன்றங்கள் (சிடிசி) ஐந்துக்கும் ஆளுக்கு ஒருவர். அவர்கள் அந்தப் பதவிக்கு நியமிக்கப்படுகிறார்கள். உதவித் திட்டங்கள், நமக்கு வரும் சிடிசி பற்றுச்சீட்டுகள் எல்லாம் அந்த மன்றங்களின் வேலை. உங்கள் மின்தூக்கியையோ நடைபாதை விளக்கையோ அவர்கள் பார்ப்பதில்லை.

அதைப் பார்ப்பது நகர மன்றம். 1986-ல் அங் மோ கியோவில் சோதனையாகத் தொடங்கி, 1988-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அதுவரை பேட்டை நிர்வாகம் முழுக்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கையில் இருந்தது. வட்டாரத்தை நடத்தும் பொறுப்பை அந்த வட்டாரத்து மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினரிடமே கொடுக்க வேண்டும் என்பதுதான் யோசனை. அதனால் நகர மன்ற உறுப்பினர் என்று தனியாக ஒரு தேர்தல் கிடையாது. நீங்கள் நாடாளுமன்றத்துக்குப் போடும் அதே ஓட்டுத்தான். தொகுதி உறுப்பினர்கள் தாமாகவே மன்றத்தில் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் தலைவர். மற்றவர்களை அந்தத் தலைவர் நியமிக்கிறார். அவர்களில் பெரும்பாலோர் அதே வட்டாரத்தில் குடியிருப்பவர்கள்: ஆசிரியர், கணக்காய்வாளர், பொறியாளர், கடைக்காரர் என்று பல தரப்பட்டவர்கள். அன்றாட வேலையைச் சில மன்றங்கள் நிர்வாக நிறுவனங்களிடம் ஒப்படைக்கின்றன, சில மன்றங்கள் சொந்த ஊழியர்களை வைத்துச் செய்கின்றன.

உங்கள் அப்பாவின் கிராம சபைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. கிராம சபையில் வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லாருமே சபை. அங்கே கையைத் தூக்கும் உரிமை உங்கள் அப்பாவுக்கு உண்டு. நகர மன்றம் என்பது ஒரு நிர்வாகக் குழு. நான் குறிப்பு எழுதிய அத்தனை வருஷங்களில் வெளியாள் ஒருவர் பார்வையாளராக வந்து அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கூடாது என்று யாரும் விரட்டியதையும் பார்த்ததில்லை. யாரும் கேட்டதே இல்லை. நான் வேலை பார்த்த அலுவலகங்களின் வழக்கம் இது. இதை எல்லா மன்றங்களுக்கும் பொதுவான விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் மன்றத்தின் செயலாளருக்கு நேரடியாக ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். கூட்டத்தைப் பார்க்க முடியுமா, குறிப்புகளைப் பார்க்க முடியுமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எழுத்தில் கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்.

அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் சத்தமே இருக்காது. முந்தைய கூட்டத்தின் குறிப்பை ஏற்பது, அதிலிருந்து தொடரும் விஷயங்கள், கட்டணப் பாக்கி எவ்வளவு, எந்தப் புளோக்கில் வண்ணப்பூச்சு எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் குத்தகையை, அதாவது வேலை ஒப்பந்தத்தை, யாருக்குக் கொடுப்பது, மின்தூக்கி பழுதான கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஊழியர்கள் முன்கூட்டியே ஒரு தாள் தயாரித்திருப்பார்கள், தாளின் கடைசியில் ஒரு பரிந்துரை இருக்கும். பெரும்பாலும் அந்தப் பரிந்துரைதான் முடிவாகும். இதில் தவறு ஒன்றும் இல்லை. மாலை எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் தொண்டூழியர்கள் நாற்பது தாள்களை அங்கேயே உட்கார்ந்து அலச முடியாது. ஆனால் இதன் பொருளை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். விவாதம் கூட்டத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பே, துணைக்குழுவிலும் அலுவலக மேசையிலும் முடிந்திருக்கும். கூட்டத்தை மட்டும் பார்க்கிறவர் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி. பெண் பார்த்ததையும் பேசி முடித்ததையும் அவர் பார்த்திருக்க மாட்டார்.

அதனால் பார்வையாளராக இருக்க விரும்புகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, எந்தத் தரை யாருடையது என்பதை. 2014 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்ன மீன் உருண்டைக் குச்சிக் கதை நினைவிருக்கலாம். புக்கிட் கோம்பாக் பக்கம் நடைபாதையில் யாரோ சாப்பிட்டுப் போட்டுவிட்டுப் போன குச்சி. அதை அள்ள வேண்டியது யார் என்று பார்த்தால் சரிவு ஒரு அமைப்புக்கு, வடிகால் இன்னொரு அமைப்புக்கு, சாலையோர நடைபாதை மூன்றாவது ஒரு அமைப்புக்கு. அந்த வருஷமே நகராட்சிச் சேவைகள் அலுவலகம் அமைக்கப்பட்டது, 2015 தொடக்கத்தில் ஒன்சர்வீஸ் செயலி வந்தது. இப்போது நீங்கள் செயலியில் படம் எடுத்துப் போட்டால் அது உரியவரிடம் போய்ச் சேரும். ஆனாலும் உங்களுக்கே தெரிந்திருப்பது நல்லது. புளோக்கின் தாழ்வாரம், கீழ்த்தளம், மின்தூக்கி, மாடித் தண்ணீர்த்தொட்டி, பேட்டைக்குள் இருக்கும் விளக்கு, புல்வெளி எல்லாம் நகர மன்றம். கார் நிறுத்துமிடம் வீவக. பொதுச் சாலை நிலப் போக்குவரத்து ஆணையம். சாலையோர மரம் தேசியப் பூங்காக் கழகம். உங்கள் குளியலறைக் கூரையில் மேல்வீட்டுத் தண்ணீர் சொட்டினால் அது உங்களுக்கும் மேல்வீட்டுக்காரருக்கும் இடையிலான விஷயம், வீவக உதவும். கூட்டங்களில் மக்கள் கோபமாகக் கேட்கும் கேள்விகளில் நிறைய, அங்கே உட்கார்ந்திருப்பவரால் பதில் சொல்லவே முடியாதவை. கேட்டவருக்கும் மனக்கசப்பு, பதில் சொல்பவருக்கும் தர்மசங்கடம்.

சரி, எங்கேதான் போய் உட்காரலாம்?

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் இடம் நாடாளுமன்றம். அங்கே பொதுமக்கள் மாடம் இருக்கிறது. அடையாள அட்டையோடு போனால், பாதுகாப்புச் சோதனை முடிந்து உள்ளே உட்காரலாம். பேசக் கூடாது, கைத்தொலைபேசி பயன்படுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நகர மன்றம் பற்றிப் பார்க்க நாடாளுமன்றத்துக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். இங்கே உள்ளூர் விஷயங்கள் தேசிய விஷயங்களோடு அப்படித்தான் பின்னிக் கிடக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் ஒரே ஆள்தான், அங்கே கேள்வி கேட்கிறவரும் இங்கே மின்தூக்கிக்குப் பொறுப்பானவரும் அவரே. நகர மன்றங்களின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள் நாடாளுமன்றத்தில்தான் சமர்ப்பிக்கப்படுகின்றன. தேசிய வளர்ச்சி அமைச்சிடம் மின்தூக்கி, கட்டணம், பராமரிப்பு பற்றிக் கேள்விகள் வருகின்றன. 2008-ல் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தபோது, சில நகர மன்றங்கள் தங்கள் சேமிப்பு நிதியில் ஒரு பகுதியை அந்த வங்கியோடு தொடர்புள்ள முதலீட்டில் போட்டிருந்தது வெளியே வந்தது. அது பற்றிய கேள்வி பதிலும் நாடாளுமன்றத்தில் நடந்தது. 2015 பிப்ரவரியில் அல்ஜூனிட் நகர மன்றக் கணக்குகள் பற்றிய தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை வந்தபோதும் விவாதம் அங்கேதான் நடந்தது. 2017-ல் நகர மன்றச் சட்டம் திருத்தப்பட்டு மேற்பார்வை இறுக்கமானதும் அங்கேதான். 2021 முதல் இணையத்தில் நேரலையாகவும் பார்க்கலாம். ஆனாலும் ஒருமுறையாவது நேரில் போங்கள். கேள்வி கேட்டவர் பதிலைக் கேட்கும்போது குறிப்பு எடுக்கிறாரா, துணைக் கேள்வி கேட்க எழுகிறாரா என்பதை நேரலைக் கேமரா எல்லா நேரமும் காட்டாது.

இரண்டாவது இடம் உங்கள் வட்டாரத்திலேயே நடக்கும் கலந்துரையாடல்கள், புளோக் வருகைகள், அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் மாதிரியான வேலைகளுக்கு முன் கீழ்த்தளத்தில் பலகை வைத்துக் கருத்துக் கேட்கும் நாட்கள். இவற்றை லேசாக நினைக்காதீர்கள். மாதிரிப்படம் பலகையில் இருக்கும் அந்த வார இறுதி, உண்மையிலேயே ஒரு கூடாரப் பந்தலையோ சறுக்கு மரத்தையோ இடம் மாற்ற முடிகிற நாள். அதற்குப் பிறகு குத்தகைக்குப் போய்விட்டால் ஒரு பெஞ்சை நகர்த்தவும் செலவுக் கணக்கு பார்ப்பார்கள். வீட்டு மேம்பாட்டுத் திட்டத்தில் இன்னும் நேரடி. புளோக்கில் தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு ஒப்புக்கொண்டால்தான் வேலை நடக்கும். அங்கே நீங்கள் பார்வையாளர் இல்லை, வாக்காளர்.

தொகுதி உறுப்பினர் குடியிருப்பவர்களை நேரில் சந்திக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியைப் பலர் இதே பட்டியலில் சேர்ப்பார்கள். 1955-ல் முதலமைச்சராக இருந்த டேவிட் மார்ஷல் தொடங்கிய வழக்கம் அது, நல்ல வழக்கம். ஆனால் அது ஒவ்வொருவரும் தன் சொந்தக் கஷ்டத்தைச் சொல்லும் இடம். பக்கத்து மேசையில் ஒரு அம்மா கடன் பிரச்சினையைச் சொல்லி அழுதுகொண்டிருப்பார். அங்கே வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. உங்களுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தால் மட்டும் போங்கள்.

மூன்றாவது இடத்தைப் பற்றித்தான் நம் ஆட்கள் பலருக்குத் தெரியவில்லை. உங்களிடம் கொண்டோ வீடு, அதாவது தனியார் அடுக்குமாடி வீடு, இருந்தால், அல்லது நாளை வாங்கினால், அங்கே உங்களுக்குச் சட்டப்படியே பார்வையாளர் உரிமை உண்டு. கட்டடப் பராமரிப்பு, அடுக்குமாடி நிர்வாகம் பற்றிய 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிர்வாகக் குழு தன் கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக நிகழ்ச்சி நிரலோடு அறிவிப்புப் பலகையில் போட வேண்டும். வீட்டு உரிமையாளர் யாரும் அந்தக் கூட்டத்தில் போய் உட்காரலாம். குழு அனுமதித்தால் தவிரப் பேசக் கூடாது. கூட்டம் முடிந்து ஏழு நாளுக்குள் குறிப்பைப் பலகையில் போட வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கப்பட்ட பங்கு மதிப்பைக் கூட்டிப் பார்த்தால், மொத்தத்தில் 30 விழுக்காட்டுக்கு உரியவர்கள் வந்தால்தான் கூட்டம் நடத்தலாம். ஆனால் அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால் வந்திருப்பவர்களை வைத்தே நடத்தலாம். இந்தக் கடைசி விதியை யோசித்துப் பாருங்கள். முந்நூறு வீடு இருக்கும் இடத்தில் இருபது பேர் உட்கார்ந்து வரும் வருஷத்தின் பராமரிப்புக் கட்டணத்தை முடிவு செய்துவிடலாம், அது முழுக்கச் சட்டப்படி சரி. நான் இருக்கும் இடத்தில் ஒரு வருஷம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. மறுநாள் மின்தூக்கியில் ஏறிய அத்தனை பேரும் கட்டணம் ஏறிவிட்டதே என்று புலம்பினார்கள். அவர்களில் ஒருவர்கூட முந்தைய நாள் கூட்டத்துக்கு வரவில்லை.

அந்தக் குழுக் கூட்டங்களில் பேசாமல் உட்கார்ந்த அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். முதல் இரண்டு முறை என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். மூன்றாவது முறை நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் பம்பு மாற்றும் வேலை 'பரிசீலனையில்' என்று தொடர்ந்து ஐந்து கூட்டக் குறிப்புகளில் இருந்தது. ஒவ்வொரு முறையும் அதே சொல், அதே பத்தி. குழுவில் யாரும் அதை வேண்டுமென்றே மறைக்கவில்லை. நடுவில் இரண்டு பேர் மாறிவிட்டார்கள், நிர்வாக மேலாளரும் மாறிவிட்டார். ஐந்து கூட்டத்தையும் தொடர்ந்து பார்த்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். ஆறாவது கூட்டத்துக்கு முன் தேதிகளை மட்டும் வரிசையாக எழுதி ஒரு கடிதம் கொடுத்தேன். குற்றம் சாட்டி ஒரு சொல்கூட எழுதவில்லை. அந்தக் கூட்டத்திலேயே மூன்று விலைப்புள்ளி வாங்க முடிவானது. இருபது வருஷம் குறிப்பு எழுதியபோது எனக்குப் புரியாத ஒன்று அன்று புரிந்தது. அமைப்புகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், குடியிருப்பவர் அங்கேயே இருப்பார். போன கூட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று நினைவில் வைத்திருப்பதுதான் பார்வையாளரால் செய்ய முடிகிற, வேறு யாரும் செய்யாத வேலை.

நகர மன்ற விஷயத்தில் அந்த நினைவை உங்களுக்குத் தருவது கணக்கு. ஆண்டறிக்கை மன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். பலர் முன்பக்கத்துப் படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நீங்கள் கணக்காய்வாளரின் கருத்துப் பக்கத்துக்கு முதலில் போங்கள். கணக்குகள் சரியான நிலையைக் காட்டுகின்றன என்று சுத்தமாக எழுதியிருக்கிறாரா, அல்லது 'இதைத் தவிர' என்று ஏதாவது நிபந்தனை போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அடுத்து, அரசாங்க மானியத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அன்றாடச் செலவுக்கு வருமானம் கட்டுப்படியாகிறதா. பல மன்றங்களில் மானியம் இல்லாவிட்டால் பற்றாக்குறைதான். அது நிர்வாகக் கோளாறு என்று உடனே முடிவு கட்டக் கூடாது, கட்டணத்தை மக்களால் தாங்கக்கூடிய அளவில் வைப்பதற்கான ஏற்பாடும்கூட அது. ஒரே மன்றத்தின் மூன்று வருஷக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் போக்குத் தெரியும்.

அப்புறம் சிங்கிங் ஃபண்ட், அதாவது வண்ணப்பூச்சு, கூரை, குழாய் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளுக்கு ஒதுக்கி வைக்கும் நிதி. நீங்கள் மாதாமாதம் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதி அங்கே கட்டாயமாகப் போகிறது. மின்தூக்கிக்கு மட்டும் 2017 முதல் தனி நிதி. அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இந்த ஊரில் முடிவுகள் எப்படிக் கீழே வருகின்றன என்பதும் புரியும். 2015-லும் அதற்கு அடுத்த வருஷமும் மின்தூக்கி விபத்துகள் நடந்தன, மக்கள் பயந்தார்கள். 2016-ல் பழைய மின்தூக்கிகளை மேம்படுத்த 450 மில்லியன் வெள்ளித் திட்டம் அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷம் ஒவ்வொரு நகர மன்றமும் மின்தூக்கி மாற்றத்துக்குத் தனியாகச் சேமிக்க வேண்டும் என்று விதி வந்தது. எந்த நகர மன்றக் கூட்டத்திலும் இது முடிவாகவில்லை. நகர மன்றக் கூட்டத்துக்கு இது ஒரு சுற்றறிக்கையாக வந்து சேர்ந்தது. அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாலும் ஏன், எப்படி என்பதை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

தேசிய வளர்ச்சி அமைச்சு 2010 முதல் வெளியிடும் நகர மன்ற நிர்வாக அறிக்கையும் உண்டு. துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டணப் பாக்கி, நிர்வாக ஒழுங்கு என்று ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அது வசதி. ஆனால் ஒரு எச்சரிக்கை. மொத்த நகரத்துக்கும் சேர்த்துத்தான் ஒரு நிறம். பச்சை வாங்கிய நகரத்திலும் உங்கள் புளோக்கின் 'பி' மின்தூக்கி மாதம் இரண்டு முறை நிற்கலாம். அதை அந்த அறிக்கை சொல்லாது. உங்கள் குறிப்புப் புத்தகம்தான் சொல்லும்.

இப்படிப் போய் உட்காருவதால், படிப்பதால் மாற்றம் வருமா? கொண்டோவில் வரும் என்று உறுதியாகச் சொல்வேன், கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே அறை சின்னது, பணம் உங்களுடையது, சட்டம் உங்கள் பக்கம். நகர மன்றத்தில் ஒரு தனிமனிதர் தொடர்ந்து கேட்டால் சின்ன வேலைகள் வேகமாக நடக்கும், அதுவும் உறுதி. விளக்கு, கைப்பிடி, சரிவுப் பாதை, தண்ணீர் தேங்கும் மூலை எல்லாம் அப்படி நடந்து பார்த்திருக்கிறேன். கட்டணம், பெரிய குத்தகை போன்றவற்றில் ஒரு பார்வையாளரின் எடை எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அங்கே பேசுவது தேர்தல்தான், அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை, அப்போதும் மக்கள் மின்தூக்கியை மட்டும் நினைத்து ஓட்டுப் போடுவதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் உள்ளே இருந்து வந்தவன். ஊழியர்களின் கஷ்டம் தெரிந்தவன். அதனால் என் பார்வை அவர்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கலாம். வெளியிலிருந்தே பார்த்த ஒருவர் இதே விஷயத்தை இன்னும் கடுமையாகச் சொல்லக்கூடும், அவரிடமும் கேளுங்கள்.

உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தமிழ் இங்கே அதிகாரபூர்வ மொழி. நாடாளுமன்றத்தில் உறுப்பினர் தமிழில் பேசலாம், உடனடி மொழிபெயர்ப்பு உண்டு. வட்டாரக் கலந்துரையாடலில் தமிழில் கேட்டால் மொழிபெயர்க்க யாராவது ஒருவர் எழுந்து வருவார். வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள், தயங்காதீர்கள். எழுதிக் கேட்பதற்கு மட்டும் ஆங்கிலத்தில் நான்கு வரி போதும்: புளோக் எண், மாடி, தேதி, என்ன பார்த்தேன். நீளமாக எழுதினால்தான் மதிப்பார்கள் என்பது தவறு. என் அனுபவத்தில் நீளமான கடிதங்கள்தான் கோப்பின் அடியில் போய்ச் சேரும்.

பல வருஷத்துக்கு முன் நான் குறிப்பு எழுதிய ஒரு கலந்துரையாடலில் ஒரு பெரியவர் எழுந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், வேட்டி கட்டியிருந்தார். அவருடைய புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை போகும் கூரை போட்ட நடைபாதையில், நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சில அடி தூரம் கூரை இல்லை. மழை வந்தால் அந்த இடத்தில் தரை வழுக்கும், அவர் மனைவி ஒருமுறை விழுந்துவிட்டார். கூரை ஏன் விடுபட்டது என்றால், மன்றத்தின் நிலம் அங்கே முடிகிறது, அந்தப் பக்கம் வேறு அமைப்பின் நிலம். இரண்டு பக்கத்திலும் தப்பு இல்லை, நடுவில் மழை. 'பேசிப் பார்க்கிறோம்' என்று பதில் சொன்னோம். அடுத்த கூட்டத்துக்கும் வந்தார், அதே கேள்வி. மூன்றாவது கூட்டத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, முதல் கூட்டம் எந்தத் தேதி, பதில் சொன்னவர் யார், என்ன சொன்னார், இரண்டாவது கூட்டத்தில் யார், என்ன சொன்னார் என்று நிதானமாகப் படித்தார். குரலை உயர்த்தவில்லை. முழுக்கத் தமிழில் எழுதியிருந்தார், எங்கள் பெயர்கள் உட்பட. ஒரு சீனத் தொண்டூழியர் பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு அதை மற்றவர்களுக்குச் சொன்னார். அன்று மேடையில் இருந்தவர்கள் முதல் முறையாக ஒரு மாதத்தைச் சொல்லிப் பதில் கொடுத்தார்கள். சொன்ன மாதத்துக்கு இரண்டு மாதம் தள்ளித்தான் வேலை முடிந்தது. அதையும் அவர் அந்த நோட்டில் எழுதியிருப்பார்.